எந்த ஃபாத்திமா?

அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தப் பேரில் தீவில் இருக்கிற மற்ற பெண்களும் கூடவே வந்து நிற்பார்கள். அது அவருக்கு ஆகாது. லாத்தா என்றே சொல்கிறேன். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தமானில், போர்ட் பிளேரின் புரோத்ராபூரில் எங்கள் தெருவிலிருந்த பெங்காலிகளும் தெலுங்குக்காரர்களும் அதை அவருடைய பேர் என்றே நினைத்துக்கொண்டு 'லாத்தா ஜி' என்றார்கள். அவரும் திருத்தவில்லை. அவர் திருத்தாமல் விட்ட விஷயம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நான் கச்சால் தீவில் பிறந்தவள். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களைக் கொண்டுவந்து ரப்பர் தோட்டத்தில் இறக்கினார்களே, அதில் எங்கள் குடும்பமும் ஒன்று. போர்ட் பிளேரில், கப்பல்கள் வந்து நிற்கும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டிக்கெட் கவுண்டர் வேலை கிடைத்ததும், லாத்தா வீட்டை ஒட்டியிருந்த வாடகை அறைகளில் ஒன்றைக் கேட்டுப் போனேன். (போர்ட் பிளேருக்கு இப்போது பேரே மாறிவிட்டது. என் வாயில் பழைய பேர்தான் வருகிறது. லாத்தா இங்கே இருந்திருந்தால் அரசாங்கத்தையும் நாலு கேள்வி கேட்டிருப்பார்.) சாவியைக் கையில் வைத்துக்கொண்டே விசாரித்தார்.

"பேரு என்னம்மா?"

"செல்வி."

"எந்தச் செல்வி?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "செல்விதான். அதுல என்ன எந்தச் செல்வி?"

"அப்படிச் சொன்னா எப்புடி? இந்தத் தெருவுல ஏற்கெனவே ரெண்டு செல்வி இருக்காக. ஒருத்தி வீட்டுக்காரரு கரண்டு ஆபீசுல இருக்காரு. இன்னொருத்தி மாடு வச்சிருக்கா. நாளைக்கு உன்னயத் தேடி ஒருத்தர் வந்தா நான் எந்தக் கதவக் காட்டறது?"

"கச்சால்" என்றேன்.

"ஆங். கச்சால் செல்வி. இப்பத்தான் ஆளு வந்து நிக்கிது" என்று சாவியைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த அத்தனை வருஷமும் நான் வெறும் செல்வியாக இருந்ததே இல்லை. பக்கத்து அறையிலிருந்து குளியலறைக்குள் இருப்பவளைக் கூப்பிடுவதானாலும் கச்சால் செல்விதான். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு, யாராவது வெறுமனே செல்வி என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பாமல் போக ஆரம்பித்தேன்.

லாத்தா பாக்கு வியாபாரி. கணவர் இறந்தபின் வியாபாரம் படுத்துவிடும் என்று ஊர் எதிர்பார்த்தது, ஊர் ஏமாந்தது. வடக்கு அந்தமானில் திக்லிபூர், மாயாபந்தர் பக்கமெல்லாம் பாக்கு வாங்கி, வீட்டு முற்றத்தில் காயவைத்து, சென்னைக்குக் கப்பலேற்றுவார். நல்ல உயரம். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் முற்றத்தின் நடுவே உட்கார்ந்தால் லாரிக்காரன் தானாகவே பீடியை அணைத்துவிடுவான். இந்தியில் பேரம் பேசுவார், தமிழில் திட்டுவார், அரபியில் கடவுளைக் கூப்பிடுவார். மூன்றையும் ஒரே மூச்சில் செய்வதைப் பார்த்திருக்கிறேன். "அரே பாய், யே ரேட் நஹி சலேகா, நாசமாப் போறவனே, யா அல்லா!"

ஒருமுறை திக்லிபூர் கப்பலில் ஒரு மூங்கில் கூடை வந்தது. உள்ளே இரண்டு கோழிகள். மேலே கட்டியிருந்த அட்டையில் 'அப்துல்லா, புரோத்ராபூர்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அனுப்பியவர் பேரும் இல்லை. தகவல் போனதும் மூன்று அப்துல்லாக்கள் ஜெட்டிக்கு வந்துவிட்டார்கள். மூன்று பேருக்குமே திக்லிபூரில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். கோழிகள் கத்தின, அப்துல்லாக்கள் அதைவிட அதிகமாகக் கத்தினார்கள். கவுண்டரை மூடிவிட்டு லாத்தாவுக்குப் போன் போட்டேன். பாக்கு மூட்டை ஏற்ற எப்படியும் ஜெட்டிக்கு வந்துகொண்டிருந்தவர், வந்ததும் கூடையைப் பார்க்கவில்லை, மூன்று பேரையும்தான் பார்த்தார்.

"வெக்கமா இல்ல? மதீனாவுல ஒரே காலத்துல நாலு அப்துல்லா இருந்தாக. நாலு பேரும் பெரிய ஆளுக. ஒரு நாளும் ஒருத்தர் கோழி இன்னொருத்தர் வீட்டுக்குப் போகல."

"யாரு லாத்தா அந்த நாலு பேர்?" என்று நான்தான் கேட்டேன். நெரிசலில் கேட்கக்கூடாத கேள்வி. ஆனால் லாத்தா பதில் சொல்லாமல் விடுகிறவர் இல்லை.

"அப்பாஸ் மகன் அப்துல்லா. ஒரு செய்தி கேக்கணும்னா பெரியவுக வீட்டு வாசல்ல மத்தியான வெயில்ல காத்துக்கெடப்பாக, புழுதி மூஞ்சியில அடிக்கும், கதவத் தட்டி எழுப்ப மாட்டாக. உமர் மகன் அப்துல்லா. நபியவுக எந்த மரத்தடியில உக்காந்தாகளோ, அந்த மரம் காஞ்சிறக் கூடாதுன்னு தேடிப்போயித் தண்ணி ஊத்துவாக. சுபைர் மகன் அப்துல்லா. சின்னப்புள்ளையில தெருவுல வெளையாடறப்ப அப்ப ஆட்சியில இருந்த உமர் நாயகம் வந்தாக. மத்த புள்ளைகள்லாம் ஓடிருச்சுக. இவுக மட்டும் நின்னாக. ஏன் ஓடலன்னு கேட்டதுக்கு, நான் தப்பு ஒண்ணும் பண்ணல ஓடறதுக்கு, பாதையும் குறுகலா இல்ல ஒதுங்கறதுக்குன்னாக." இந்த இடத்தில் வழியை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு அப்துல்லாவை ஒதுக்கினார். "நீ சுபைர் மகன் இல்ல, தள்ளு."

நாலாவது அப்துல்லாவை அவர் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார் என்று பிறகுதான் புரிந்தது. கோழி கேட்டு வந்த மூவரில் ஒருவர் வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பள்ளிவாசலிலேயே இருப்பவர். அவர் மனைவி அதைச் சொல்லி லாத்தாவிடம் அழுதிருந்தாள்.

"அம்ரு மகன் அப்துல்லா. பகலெல்லாம் நோன்பு, ராவெல்லாம் தொழுகை. நபியவுக கூப்பிட்டுச் சொன்னாக, உன் ஒடம்புக்கும் உன் மேல உரிமை இருக்கு, உன் பொஞ்சாதிக்கும் உன் மேல உரிமை இருக்குன்னு. நான் சொல்லல, அவுக சொன்னாக."

அந்த அப்துல்லா கோழி கேட்பதை அத்தோடு நிறுத்திக்கொண்டார். மற்ற இருவரும் ஆளுக்கொரு கோழியோடு போனார்கள். அனுப்பியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் எனக்கு ஒன்று புரிந்தது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்திய மனிதர்கள் லாத்தாவுக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள். பேர் ஒன்றாக இருப்பதால் அவர்கள் ஒருவருக்குள் ஒருவர் கரைந்துபோவதை அவரால் பொறுக்க முடியாது. ஒரு பேருக்கு மேல் ஒரு ஆளைக் குவித்து மூடுவது அவர் கணக்கில் உயிரோடு புதைப்பதுதான்.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கறார். ரமலான் கடைசி வாரத்தில் கடைத்தெருவிலிருந்து ஒரு முழுத் துணி வாங்கி வருவார். கத்தரிக்கோல் தொடமாட்டார். ஓரத்தைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் சர்ரென்று கிழிப்பார். தெருவிலிருக்கிற ஃபாத்திமாக்களுக்கு ஆளுக்கொரு முக்காடு. ஏன் ஃபாத்திமாக்களுக்கு மட்டும் என்று கேட்டதற்கு இப்படிச் சொன்னார்.

"நபியவுகளுக்கு ஒரு ராஜா பட்டுத்துணி அனுப்புனாரு. அத அலி நாயகத்துக்கிட்ட குடுத்து, கிழிச்சு ஃபாத்திமாக்களுக்கு முக்காடாப் பங்கு வச்சிருங்கன்னாக."

"ஃபாத்திமான்னா அவங்க மகள்தானே லாத்தா?"

"அதத்தான் எல்லாரும் நெனைக்கிறாக. மகளும் ஃபாத்திமாதான். அலி நாயகத்தோட உம்மாவும் ஃபாத்திமா, அசது மக. தாயில்லாத நபியவுகள வளத்தவுக. அவுக மௌத்தாகி அடக்கம் பண்ணறப்ப நபியவுக தன் சட்டையக் கழட்டி கஃபன் துணியாப் போத்துனாக. ஹம்ஸா நாயகத்தோட மகளும் ஃபாத்திமா. ஒரே துணி, ஆனா பங்கு வேற வேற."

கிழித்த துணியை வாங்கிக்கொள்ள வந்தவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும். லாத்தா வீட்டு வாடகை அறைகளில் கடைசியில் இருந்த விதவையின் ஒரே மகள். அவள் பேரும் ஃபாத்திமா. துணிக்கடையில் வேலை. தலை நிமிராது, குரல் வெளியே வராது. தெரு முழுக்க அவளைத்தான் உதாரணம் காட்டும். 'வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாத புள்ள' என்று பெருமையாகச் சொல்வார்கள். லாத்தாவுக்கு மட்டும் அதில் குறை. "கடிக்கத் தெரியணும்டி" என்று அவள் கையில் துணியைக் கொடுக்கும்போது சொல்வார். அவள் அதற்கும் சிரித்துவிட்டுப் போவாள்.

அவளுக்குத் திக்லிபூரிலிருந்து வரன் வந்தது. சொந்த ஊராக இருந்தால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க நாலு தெரு இருக்கும், டீக்கடை இருக்கும், மாப்பிள்ளையோடு படித்தவன் ஒருவன் இருப்பான். தீவில் இருக்கிற எங்களுக்கு ஏது? எல்லாரும் வேறு வேறு இடத்திலிருந்து வந்து இறங்கியவர்கள். திக்லிபூர் மாப்பிள்ளை என்றால் நடுவே ஒரு நாள் பஸ் பயணம், இல்லாவிட்டால் கடல். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாலு ஊருக்குப் போய்வருகிற வியாபாரி ஒருவரிடம் கேட்பது, அவர் சொல்லும் ஒரு வார்த்தையை வைத்து முடிவு செய்வது. புரோத்ராபூரில் அந்த வார்த்தை லாத்தாவுடையது.

ஃபாத்திமாவின் அம்மா கேட்க வந்த நேரம் சரியில்லை. அன்று லாத்தாவின் பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்கும் விருந்து. வீடு முழுக்கப் பெண்கள். லாத்தா பட்டுச்சேலையில் நடுவில் உட்கார்ந்திருக்கிறார், ஆளாளுக்கு அவரைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அப்போது அந்த அம்மா எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"லாத்தா, திக்லிபூர்ல பாக்கு வியாபாரம் பாக்குறவுக மகன் அப்துல்லா. புள்ளைக்குக் கேக்குறாக. நீங்க ஒரு வார்த்தை சொன்னாச் சரி."

"அப்துல்லாவா? தங்கம்!" என்றார் லாத்தா. "வாப்பனும் மகனும் தங்கம். கண்ண மூடிக்கிட்டுக் குடு."

நான் அப்போது சமையலறை வாசலில் பாயசக் கிண்ணங்களோடு நின்றேன். எதுவோ ஒன்று குறைகிற மாதிரி எனக்குத் தோன்றியது. என்னவென்று அந்த நேரத்தில் பிடிபடவில்லை. கிண்ணங்களைக் கொடுத்து முடிப்பதற்குள் மறந்தும்போனேன்.

கல்யாணம் திக்லிபூரில் நடந்தது. அந்த வாரம் கடல் கொந்தளிப்பு, கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். லாத்தாவுக்கு முதுகு வலி, பஸ்ஸில் ஒரு நாள் முழுக்க உட்கார முடியாது. போகவில்லை. சீர் மட்டும் அனுப்பினார். அந்த முதுகோடு அதன்பின் திக்லிபூர் பக்கமே போகவில்லை, பாக்கு லாரியில் வந்து இறங்கியது. பிறகு இரண்டு வருஷம் போல ஃபாத்திமாவிடமிருந்து போனில் 'நல்லா இருக்கேன்' என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. அவள் எப்போதுமே அதிகம் பேசாதவள் என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் தனியாகத் திக்லிபூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது, கன்னத்தில் பழைய காயம் மஞ்சளாகத் தெரிந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்ததால் லாத்தா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தாள். லாத்தா வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல், வழக்கமான குசலத்தில் தொடங்கினார்.

"ஒங்க மாமனாருக்குக் கால் வலி எப்புடி இருக்கு? நான் குடுத்து விட்ட தைலம் கேட்டுச்சா?"

"மாமாவுக்குக் கால் வலியா? அப்படி ஒண்ணும் இல்லையே லாத்தா."

லாத்தாவின் கை நின்றது. "தடி ஊண்டித்தான நடப்பாரு?"

"இல்ல லாத்தா. நல்லாத்தான் நடப்பாக."

"வீடு காளிபூர் ரோட்டுல, சுத்திப் பாக்குத் தோட்டம், முன்னால கிணறு…"

"எங்க வீடு பஜார்ல. கடைக்கு மேல."

லாத்தா ஒத்தடத் துணியைப் பாத்திரத்தில் போட்டார். திக்லிபூரில் பாக்கு வியாபாரிகள் நிறைய. அப்துல்லா என்று மகன் உள்ளவர்கள் இருவர். லாத்தா தங்கம் என்று சொன்னது காளிபூர் ரோட்டுக்காரரின் மகனை. ஃபாத்திமா போய்ச் சேர்ந்தது லாத்தா முகம்கூடப் பார்த்திராத வேறொரு வீட்டுக்கு. விருந்தன்று என்ன குறைந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் உலகத்தையே கேட்கிற கேள்வியை அன்று லாத்தா கேட்கவில்லை.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மறுபடியும் துணியை நனைத்துப் பிழிந்து அந்த மணிக்கட்டில் வைத்தார். "எம்புட்டு நாளா?" என்று மட்டும் கேட்டார். ஃபாத்திமா முக்காட்டை இழுத்துக் கன்னத்துக் காயத்தை மூடிக்கொண்டாள்.

சில நாள் கழித்து கணவனும் மாமனாரும் வந்தார்கள். கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார்கள். சாயங்காலக் கப்பலுக்கு மூன்று டிக்கெட் எடுத்தாகிவிட்டது. எடுத்துக் கொடுத்தவளே நான்தான், மூன்றாவது பேர் ஃபாத்திமா. ஃபாத்திமா போவதா வேண்டாமா என்று பேசி முடிக்க லாத்தா வீட்டு முன்கூடத்தில் கூடினார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்திருந்தார். தன்மையான மனிதர், குடும்பங்கள் உடையக்கூடாது என்று நினைப்பவர். ஃபாத்திமா அம்மாவின் பக்கத்தில், சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு டீ கொடுக்கும் சாக்கில் உள்ளே நின்றுகொண்டேன்.

மாமனார் நிதானமாகப் பேசினார். "பையன் கோவக்காரன். அடிச்சது தப்புதான், நான் ஒத்துக்கறேன். இனிமே நடக்காது. வீட்டுக்கு வந்த மருமக வெளிய நின்னா எங்களுக்குத்தான் அசிங்கம்." கணவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு யாரு இருக்கா? போயி இருக்கட்டும் ஹஜ்ரத்" என்றாள். ஆதரவில்லாத அவள் வேறு என்ன சொல்வாள்?

ஹஜ்ரத் ஃபாத்திமாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "அம்மா, நீ யாருடைய பேரை வச்சிருக்கே தெரியுமா? சொர்க்கத்துப் பெண்களின் தலைவி. கை காய்த்துப்போகிற அளவுக்குத் திரிகையில மாவு அரைச்சாங்க. தோளில் தண்ணி சுமந்தாங்க. பொறுமையா இருந்தாங்க. அந்தப் பேருக்கு ஏத்த மாதிரி…"

"எந்த ஃபாத்திமா ஹஜ்ரத்?" என்றார் லாத்தா.

கூடத்தில் எல்லாரும் திரும்பினார்கள். லாத்தா தன் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நபிகளாரோட மகளைத்தான் சொன்னேன்."

"அவுக பட்டது வறுமை ஹஜ்ரத். அலி நாயகம் அவுக மேல கை நீட்டுனாகன்னு யாராச்சும் சொல்வாகளா?"

"நஊது பில்லாஹ்!" ஹஜ்ரத் பதறிப்போனார். "ஒருக்காலும் இல்ல. ஃபாத்திமா என்னில் ஒரு துண்டு, அவளை நோகடிக்கிறது என்னை நோகடிக்கிறதுன்னு நபிகளார் சபையிலேயே சொன்னாங்களே."

"அப்ப வறுமையில பொறுத்துக்கிட்டவுகளக் காட்டி, அடி வாங்குறவளப் பொறுக்கச் சொல்லலாமா? இந்தப் புள்ளைக்கு அந்த ஃபாத்திமா வேணாம். கைஸ் மக ஃபாத்திமாவச் சொல்லுங்க. நான் சொன்னா, பாக்குக்காரி கதை சொல்றான்னு போயிரும். நீங்க ஓதுனவுக. நீங்களே சொல்லுங்க."

ஹஜ்ரத் தொப்பியைக் கழற்றினார், தலையைத் தடவிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர் என்று சொன்னேனே, அதை அன்று முழுசாகப் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, மாமனாரைப் பார்த்தே சொன்னார்.

"கைஸ் மகள் ஃபாத்திமா தலாக் ஆனவங்க. இத்தாவுக்கான காத்திருப்புக் காலம் முடிஞ்சதும் அவங்களைப் பெண் கேட்டு ரெண்டு பேர் வந்தாங்க. நபிகளார்கிட்ட யோசனை கேட்டாங்க. நபிகளார் ஒளிவுமறைவு இல்லாம சொன்னாங்க. முஆவியா கையில காசில்லாதவர். அபூ ஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர். ரெண்டு பேரும் வேண்டாம், நீ உஸாமாவைக் கட்டிக்க." பிறகு கணவன் பக்கம் திரும்பினார். "தோளிலிருந்து தடியை இறக்காதவர்ன்னா, பெண்களை அடிக்கிறவர்ன்னு பெரியவங்க விளக்கம் சொல்லியிருக்காங்க. அப்படிப்பட்டவர்கிட்ட போய்ப் பொறுமையா இருன்னு அந்தப் பெண்கிட்ட நபிகளார் சொல்லல."

மாமனாரின் நிதானம் போய்விட்டது. "இதெல்லாம் இப்பப் பேசறீக. என் மகனத் தங்கம்னு சொன்னது யாரு? இந்த லாத்தாதான? இவுக சொல்லைக் கேட்டுத்தான் பொண்ணு குடுத்தாக. அன்னிக்குத் தங்கம், இன்னிக்குத் தடியா?"

நான் டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டேன். லாத்தா நினைத்திருந்தால் அங்கே ஆயிரம் சொல்லித் தப்பித்திருக்கலாம். 'அப்போது நல்லவனாகத்தான் இருந்தான்' என்று ஒரு வரி போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. இத்தனை வருஷத்து வார்த்தையும் கெடாமல் இருந்திருக்கும்.

"நான்தான் சொன்னேன்" என்றார். "ஆனா ஒங்க மகனச் சொல்லல. காளிபூர் ரோட்டுக்காரரு மகனச் சொன்னேன். அவனும் அப்துல்லா. எந்த அப்துல்லான்னு நான் கேட்டிருக்கணும். ஊரையெல்லாம் கேக்குறவ அன்னிக்குக் கேக்கல. வீடு நெறையப் பொம்பளைக, எல்லாரும் என் வாயைப் பாக்குறாக, எனக்குத் தெரியாத ஆளு தீவுல உண்டான்னு ஒரு மெதப்பு. ஒங்க மகன நான் பாத்ததே இல்ல. என் வார்த்தைய இந்தச் சபையில திருப்பி எடுத்துக்கறேன். இனி என்கிட்ட யாரும் மாப்பிள்ளை விசாரிக்க வராட்டியும் சரி."

குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. தப்பை ஒப்புக்கொள்ளும்போதும் பாக்கு விலை சொல்கிற அதே குரல்தான். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, சுவரோரம் போய், ஃபாத்திமாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஒன் வாழ்க்கையில நான் மண்ணப் போட்டுட்டேன்மா. என்னய மன்னிச்சிரு."

ஃபாத்திமா தலையைக் குனிந்தபடியே இருந்தாள். வழக்கம்போல அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், அல்லது தலையை ஆட்டிவிடுவாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவள் நிமிர்ந்து லாத்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

"மன்னிக்க மாட்டேன் லாத்தா."

"அடியே!" என்று அம்மா அவள் தோளை உலுக்கினாள். லாத்தா கையைக் காட்டி அம்மாவை நிறுத்தினார். ஃபாத்திமாவின் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. சத்தம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது.

கணவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். "போதும் நாடகம். கப்பலுக்கு நேரமாச்சு. ஏய், எந்திரி."

ஹஜ்ரத் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, "நீ சொல்லும்மா. இவங்ககூடப் போறியா?" என்றார்.

"போகவும் மாட்டேன்" என்றாள் ஃபாத்திமா.

இந்த முறை யாரும் அவளை உலுக்கவில்லை. ஹஜ்ரத் மாமனார் பக்கம் திரும்பி, பெண் தன் வாயால் சொல்லிவிட்டாள், இனி மனைவி கேட்டு வாங்கும் மணவிலக்கான குலா கொடுத்துப் பிரித்துவிடுவதுதான் முறை, அதை ஜமாஅத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றார். மாமனார் எவ்வளவோ பேசிப் பார்த்தார். ஹஜ்ரத் ஒரே பிடியாக நின்றார். கப்பலுக்கு அப்பனும் மகனும் மட்டும் போனார்கள். மூன்றாவது டிக்கெட்டை நானே ஜெட்டிக்குப் போய் ரத்து செய்தேன். அந்த உத்தியோகத்தில் நான் மனசாரச் செய்த வேலை அது.

திரும்பி வந்தபோது ஃபாத்திமாவின் அம்மா லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மருகிக்கொண்டிருந்தாள். "பெரியவுகளப் பாத்து அப்படிச் சொல்லிட்டாளே லாத்தா. அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"வாய மூடு" என்றார் லாத்தா. "நீ எதுக்குக் கேக்குற? இம்புட்டு வருசமா அந்தப் புள்ள வாயில மாட்டேன்னு ஒரு சொல்லு வந்துச்சா? அவன்கிட்ட சொல்லப் பயம். எடுத்த எடுப்புல அவன்கிட்டப் போயி சொல்லிர முடியுமா? மொதல்ல என்கிட்ட சொல்லிப் பாத்தா. வானம் இடிஞ்சு விழலன்னு தெரிஞ்சுச்சு. அப்புறம் அவன்கிட்ட சொன்னா."

குலா முடிந்தது. ஃபாத்திமா மறுபடியும் துணிக்கடை வேலைக்குப் போனாள். மாப்பிள்ளை விசாரிக்க லாத்தாவிடம் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தோம். முன்னைவிட அதிகமாக வந்தார்கள். தன் தப்பைச் சபையில் சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்பதால் இருக்கலாம். லாத்தா மகனோடு இருக்க மெயின்லேண்டுக்குப் போகும்வரை ஃபாத்திமா அதே வாடகை அறையில்தான் இருந்தாள். லாத்தாவுக்கு முடியாதபோது கஞ்சி வைத்துக் கொடுப்பாள், மருந்து வாங்கி வருவாள், கணக்கு பார்க்க உதவுவாள். ஆனால் சில நாட்களில் லாத்தாவோடு பேசாமலே முற்றத்தைக் கடந்து போவதையும் பார்த்திருக்கிறேன். லாத்தாவும் வலியப்போய்ப் பேசமாட்டார்.

லாத்தா கப்பலேறிய அன்று நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். வழியனுப்ப வந்தவர்களில் ஃபாத்திமா இல்லை. கடையில் வேலை என்று சொல்லியிருந்தாள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஃபாத்திமா உங்களை மன்னிச்சிட்டாளா லாத்தா?"

"இன்னும் இல்ல" என்றார். பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்கிற முகம் அவருக்கு. "நேத்தும் கேட்டேன். மாட்டேன்னுட்டா."